பில்லிங் மென்பொருளை நகல் எடுக்கிறார்கள்: எவ்வளவு பூட்டு போதும்?

"மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை நானே சி ஷார்ப்பில் எழுதி விற்கிறேன். ஒரு கம்ப்யூட்டருக்கு 6,000 ரூபாய். கடைப் பெயரைக் கொடுத்தால், மென்பொருளைத் திறக்கும் கீ உருவாக்கித் தரும் சிறு புரோகிராம் என்னிடம் இருக்கிறது. போன மாதம், நான் விற்காத ஒரு கடையில் என் மென்பொருள் ஓடுவதைப் பார்த்தேன். டாங்கிள் (செருகினால்தான் மென்பொருள் ஓடும் சிறு யுஎஸ்பி சாதனம்) வைக்கலாமா? நகல் என்று தெரிந்தால் டேட்டாவை அழித்துவிடும்படி எழுதலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டவே வேண்டாம். பிறர் கணினியில் உள்ள தகவலை அனுமதியில்லாமல் அழிப்பது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தது என்று நிரூபித்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. உங்கள் சோதனை ஒரே ஒருநாள் தவறாகக் கணித்து, காசு கொடுத்து வாங்கியவரின் ஸ்டாக் கணக்கை அழித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

சரி, நகல் எடுத்தது யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் கடைக்கு விண்டோஸ் போட்டுத் தருகிற சர்வீஸ்காரர். ஒரு கடையிலிருந்து ஃபோல்டரைக் கீயோடு பென்டிரைவில் எடுத்து அடுத்த கடையில் போட்டிருப்பார். உங்கள் பூட்டு அவரைத் தடுத்தால் போதும். விடாப்பிடியாக உடைக்கிறவரை எந்தப் பூட்டும் தடுக்காது. புரோகிராம் அவர் கையில் இருக்கிறது. சோதிக்கிற வரியையே அவர் நீக்கிவிடலாம்.

முதலில் மாற்ற வேண்டியது கீ உருவாக்கும் முறை. இப்போது கீ சரியா என்று பார்க்கும் கணக்கு உங்கள் புரோகிராமுக்குள்ளேயே இருக்கிறது. சி ஷார்ப்பில் எழுதுவது டாட்நெட் புரோகிராம். அதை ஐஎல்ஸ்பை என்ற இலவசக் கருவியில் திறந்தால், நீங்கள் எழுதிய கோடு ஏறக்குறைய அப்படியே தெரியும். அதைப் பார்த்து யாரும் புதுக் கீ தயாரிக்கலாம். இதற்குப் பதில் டிஜிட்டல் கையொப்பத்துக்கு மாறுங்கள். அலுவலக முத்திரை மாதிரிதான்: பார்த்து உறுதி செய்ய எல்லோராலும் முடியும், குத்த முடிவது முத்திரை வைத்திருப்பவரால் மட்டும். கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், எத்தனை கம்ப்யூட்டர், எந்தத் தேதி வரை அப்டேட் ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி, உங்களிடம் மட்டும் இருக்கும் பிரைவேட் கீயால் கையொப்பமிட்டு அனுப்புங்கள். புரோகிராமுக்குள், கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டுமே உதவும் பப்ளிக் கீ இருக்கட்டும். இப்படிக் கையொப்பமிடும் முறைகளான ஆர்எஸ்ஏ, இசிடிஎஸ்ஏ இரண்டுமே டாட்நெட்டில் தயாராக இருக்கின்றன. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது, என் அனுபவத்தில் மிக நன்றாக வேலை செய்கிற தடுப்பு. பில்லின் தலைப்பில் வரும் கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், டிரக் லைசென்ஸ் எண் மூன்றையும் செட்டிங்ஸிலிருந்து எடுக்காதீர்கள். கையொப்பமிட்ட கோப்பிலிருந்தே அச்சிடுங்கள். வேறொரு கடைக்காரர் அந்த நகலை வைத்து என்ன செய்வார்? பக்கத்துத் தெருக் கடையின் ஜிஎஸ்டி எண்ணோடு தன் வாடிக்கையாளருக்கு பில் போட முடியாது.

ஒரே முதலாளிக்கு மூன்று கிளை இருந்தால் இது மட்டும் போதாது. ஒரே மாநிலத்தில் பொதுவாக எல்லாக் கிளைக்கும் ஒரே ஜிஎஸ்டி எண்தான். அங்கே லைசென்ஸ் கோப்பை அந்தந்தக் கம்ப்யூட்டரோடு கட்ட வேண்டியிருக்கும். அதில் மிகவும் கவனம் வேண்டும். நான் ஒருமுறை நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியை மட்டும் நம்பிக் கட்டினேன். தீபாவளிக்கு முந்தைய நாள் ஒரு துணிக்கடையில் மதர்போர்டு போய் புதிது மாற்றினார்கள். கல்லாவில் கூட்டம் நிற்க, என் புரோகிராம் திறக்க மறுத்தது. அந்த அண்ணாச்சி போனில் பேசிய குரல் இன்னும் நினைவிருக்கிறது. அவர் முழுப் பணம் கொடுத்தவர்.

அதனால் மதர்போர்டு எண், ஹார்ட் டிஸ்க் எண், விண்டோஸ் நிறுவும்போது உருவாகும் அடையாள எண்ணான மெஷின் ஜியுஐடி ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். எதையும் தனியாக நம்ப முடியாது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் மதர்போர்டு எண் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓஇஎம்' (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்ற வாசகம் மட்டுமே இருப்பது உண்டு. அது பல கடைகளில் ஒன்றாகவே வரும். டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் மெஷின் ஜியுஐடியும் கூடவே போகும். பொருந்தாவிட்டாலும் உடனே நிறுத்தாதீர்கள். 15 நாள் ஓடட்டும், திரையில் உங்கள் போன் எண்ணைக் காட்டுங்கள். கம்ப்யூட்டரின் தேதி பின்னால் போயிருந்தாலும், கெடுவை நீட்டிக்கச் செய்த திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம். மதர்போர்டு பேட்டரி தீர்ந்தாலும் அப்படி ஆகும். கெடு முடிந்த பிறகும் பழைய பில்களைப் பார்க்க, எக்ஸ்போர்ட் செய்ய, பேக்கப் எடுக்க வழி திறந்தே இருக்கட்டும்.

டாங்கிள் உங்கள் விலைக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றையும் வாங்கி, அனுப்பி, உடைந்தால் மாற்றித் தர வேண்டும். நீங்கள் எழுதிய கோடு பிறருக்குத் தெரியாமல் மறைக்கும் பேக்கர் கருவிகளிலும் அளவோடு இருங்கள். சிலவற்றை ஆன்டிவைரஸ்கள் வைரஸ் என்று பிடித்துவிடும், அந்தப் போன் அழைப்புகளும் உங்களுக்குத்தான் வரும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனாலும் நீங்கள் பார்த்த அந்தக் கடைக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். சர்வீஸ்காரருக்குப் பணம் கொடுத்துத்தான் வாங்கினோம் என்று கடைக்காரர் நம்பிக்கொண்டிருக்கலாம். அவருடைய டேட்டா அப்படியே இருக்க, அவர் பெயரில் முறையான லைசென்ஸ் கோப்பு தருவதாகச் சொல்லி விலையைக் கேளுங்கள். அப்புறம் அந்தச் சர்வீஸ்காரர் யார் என்று விசாரித்து, அவருக்கு விற்பனைக் கமிஷன் தர முடியுமா என்றும் பாருங்கள். உங்களிடம் வராத கடைகளின் கதவெல்லாம் அவருக்குத் தெரியும்.