இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்

கேள்வி: என் தங்கையும் அவர் கணவரும் அடுத்தடுத்துக் காலமாகிவிட்டனர். அவர்களுடைய 14 வயது மகளும் 9 வயது மகனும் என் தாயாரிடம் வளர்கிறார்கள்; வருமானம் போதவில்லை. வெளி மாவட்டத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் இருவரும் இலவசமாகத் தங்கிப் படிக்கலாம், மாற்றுச் சான்றிதழும் ஆதாரும் கொண்டுவந்தால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நம்பி அனுப்பலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த இரண்டு தாள்கள் போதும் என்று சொல்லும் இல்லத்துக்குத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு, பாதுகாப்பு) சட்டப்படி, ஆதரவற்ற குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும், அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், பதிவு பெற்றிருக்க வேண்டும். பிள்ளைகளை அங்கே சேர்க்கும் உத்தரவை அதே சட்டப்படி மாவட்டந்தோறும் அமைக்கப்படும் குழந்தைகள் நலக் குழுதான் பிறப்பிக்க வேண்டும். மாமல்லபுரம் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக 2007இல் வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கில்தான், நாடு முழுவதும் எல்லா இல்லங்களையும் 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யும்படி அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பதிவு மட்டும் பாதுகாப்பாகிவிடாது. பிகாரின் முசாபர்பூரில் சிறுமியருக்குக் கொடுமை இழைக்கப்பட்டது அரசு நிதியில் நடந்த இல்லத்தில்தான். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தினர் வெளியிலிருந்து வந்து ஆய்வு செய்த பிறகே, 2018இல், அது வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே, உள்ளே இருக்கும் பிள்ளை வெளியாள் ஒருவரிடம் அச்சமின்றிப் பேச வழி இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் ஆலோசனைப் பெட்டி சுவரில் தொங்கினால், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கண்காணிப்பாளரின் மேசை இழுப்பறையில் இருந்தால் அந்தப் பெட்டியால் பயனில்லை. குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, இரவில் பெண் பிள்ளைகளுடன் தங்குபவர் யார், பாட்டி நினைத்தபோது தொலைபேசியில் பேசலாமா என்பவற்றையும் நேரில் போய்ப் பாருங்கள்.

ஆனால், இந்தப் பிள்ளைகளுக்கு இல்லமே தேவைதானா? வறுமைக்காக மட்டும் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரிப்பது சரியன்று என்பது என் உறுதியான எண்ணம். சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவாகப் பிள்ளை ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் பெற விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய். தாயாரை அழைத்துக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்களுடன் விண்ணப்பியுங்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டம் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

அதன் பிறகும் இல்லம்தான் வழி என்றால், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இல்லங்கள் வேறுவேறு என்பதால் அக்காளும் தம்பியும் பிரிய நேரிடும். இருவரையும் உங்கள் மாவட்டத்திலேயே, அருகருகே வைக்கும்படி குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். குழுவின் முன் அந்தப் பெண்ணையே பேச விடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணை இரண்டு பிள்ளைகளுக்கும் இன்றே மனப்பாடம் செய்து கொடுங்கள்.