பன்னிரண்டரை மணி நேரம் எங்கே போகிறது?

தம்பி, ஊரில் ஐந்து வருடம் வார்டில் இருந்துவிட்டு இப்போது இங்கிலாந்து வரப்போகிறீர்கள். "அங்கே நர்ஸ் டியூட்டி முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தானாமே அக்கா, நோயாளி பக்கம் போகவே நேரம் இருக்காதாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்து வேலை அதிகம்தான். ஆனால் முதல் மாதம் எனக்கு மூச்சு வாங்கியது வேறொன்றால். இங்கே நோயாளிக்குத் துணையாக உட்காரும் அட்டெண்டர் கிடையாது.

ஊரில் நோயாளியோடு ஒரு அம்மாவோ மருமகளோ உட்கார்ந்திருப்பார். முகம் துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர் பாடு. இங்கே சொந்தக்காரர்கள் பார்வை நேரத்தில் வந்துவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சமெல்லாம் நாமும் ஹெல்த்கேர் அசிஸ்டெண்டும்தான். காலை 7.30-க்கு முந்தைய ஷிஃப்ட்காரர்கள் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவர், 8 மணிக்கு மாத்திரை. அதற்குள் ஒரு பாட்டி பெட்பேன் கேட்பார், இன்னொருவர் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவித் தரச் சொல்வார். மார்ஃபின் மாதிரி கடுமையான வலி மருந்து என்றால் இரண்டு நர்ஸ் சேர்ந்து அலமாரியைத் திறந்து, எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டாவது நர்ஸைப் பிடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். சாவி யார் பையில் இருக்கிறது என்று தேடுவது தனிக் கதை.

சரி, எழுத்து வேலை. வைட்டல்ஸ் பார்த்ததும், நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டும் 'நியூஸ் 2' மதிப்பெண் போட வேண்டும். மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, காய்ச்சல், நினைவு எல்லாம் அதில் அடக்கம். 5 தொட்டால் டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டும், 7 என்றால் எமர்ஜென்சி. அப்புறம் படுக்கைப்புண் படிவம், கீழே விழும் அபாயத்துக்கு ஒரு படிவம், குடித்த தண்ணீர் கணக்கு. எழுதாதது செய்யாததற்குச் சமம் என்பது இங்கே வேதவாக்கு. ஒருமுறை ஒரு தாத்தாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு எழுத மறந்துபோனேன். மறுநாள் முதுகில் புண் தெரிந்தபோது, செய்தேன் என்று நான் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு வீண் என்று படுவது ஃபோன்தான். வீட்டுக்குப் போக வேண்டியவர் கோட் போட்டு ரெடியாக உட்கார்ந்திருப்பார். மருந்து வந்திருக்காது, வண்டி வந்திருக்காது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடாகியிருக்காது. மதியம் முழுக்க ஃபோனில் இதையெல்லாம் துரத்துவதிலேயே போய்விடும்.

எங்கள் வார்டில் ஷிஃப்ட் 12.5 மணி நேரம். நடுவில் ஒரு மணி நேர இடைவேளைக்குச் சம்பளம் கிடையாது, அதனால் கூச்சப்படாமல் போய்ச் சாப்பிடுங்கள். வாரத்துக்கு 37.5 மணி நேரக் கணக்கில், நான்கு வாரத்துக்கு 13 ஷிஃப்ட் வரும்.

கைக்கடிகாரம் வார்டில் கட்ட விடமாட்டார்கள். சட்டையில் குத்தித் தொங்கவிடும் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள், நொடி முள் உள்ளதாக.