பத்தாயிரம் ஸ்டெப்ஸ்: இந்தக் கணக்கை யார் போட்டது?

வெள்ளவத்தையிலிருந்து 62 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலையில் மரைன் டிரைவில் நடக்கிறேன். கடைக்கும் போய் வந்தால் ஆறாயிரம் ஸ்டெப்ஸ் வருகிறது. மகன் வாங்கித் தந்த வாட்ச் பத்தாயிரம் கேட்கிறது. மிச்சத்துக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஃபிளாட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிறேன், முழங்கால் வலிக்கிறது. 'ஒரு நாளைக்குப் பத்தாயிரம்' என்று எல்லாரும் சொல்வது எங்கிருந்து வந்தது?"

ஜப்பானிலிருந்து வந்தது, அதுவும் ஒரு விற்பனைப் பெயராக. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்து, அங்கே சனங்களுக்கு உடற்பயிற்சியில் ஆசை பிடித்திருந்த நேரம் பார்த்து, 1965இல் யமாசா என்ற கடிகாரக் கம்பனி இடுப்பில் மாட்டி நடையை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் மன்போ-கெய், அதாவது பத்தாயிரம் ஸ்டெப்ஸ் எண்ணும் மீட்டர். முழு எண், வாயில் இலகுவாக நிற்கும், நடைக் குழுக்களும் பிடித்துக்கொண்டன. பிறகு வந்த வாட்ச்களும் ஃபோன்களும் அதையே இலக்காகப் போட்டுவிட, மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு போல ஆகிவிட்டது.

ஆட்களை உண்மையில் எண்ணிப் பார்த்தது வெகு பிந்தித்தான். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சராசரி 72 வயதுப் பெண்கள் சுமார் 16,700 பேரைக் கவனித்தார்கள். நாளுக்கு 2,700 நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு, 7,500க்கு மேல் போனவர்களுக்குப் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. 2022இல் பதினைந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், 60 வயது தாண்டியவர்களுக்கு ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரைக்குள் பலன் சமநிலைக்கு வந்துவிடுகிறது. உங்கள் ஆறாயிரம் ஏற்கனவே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. வாட்ச் செட்டிங்கில் இலக்கை ஏழாயிரமாக மாற்றிவிட்டு நேரத்துக்குப் படுங்கள். (குடை பிடித்த கையில் வாட்ச் கட்டியிருந்தால் கை ஆடாததால் அது குறைத்துத்தான் எண்ணும், அதுவேறு.)

எண்ணைவிட வேகத்தைப் பாருங்கள். பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சுக் காணக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது இந்த அளவு நடை வாரத்துக்கு 150 நிமிடம், கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. அந்த இரண்டாவதைத்தான் நம்மவர்கள் அப்படியே விட்டுவிடுகிறோம். கையில்லாத கதிரையில் இருந்து, கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள். அது தொடையைப் பலப்படுத்தும், முழங்காலுக்கு உதவி அங்கிருந்துதான் வரும். முடியாவிட்டால் முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம்.

இரவில் நடக்கத்தான் வேண்டுமென்றால் சாப்பிட்ட கையோடு பத்து நிமிடம் போதும், சீனி ஏறுவதையும் அது கொஞ்சம் அடக்கும். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு வேண்டாம், மெத்தென்ற செருப்புப் போடுங்கள். முழங்கால் வீங்கினாலோ, ஓரிரு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.