தோலில் பூத்தது பூசணம்தானா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தோல் பொருட்களில் பூத்த பூசணம் பற்றியவை. அவற்றில் பாதி, ‘வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, வழி சொல்லுங்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. பையா, ஷூவா? வழவழப்பான தோலா, மேலே மென்மயிர்போல் சொரசொரக்கும் ஸ்வேடா? அதையெல்லாம் நான் கனவில் காண வேண்டும் போலிருக்கிறது. விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: பல மாதம் அலமாரியில் இருந்த வழவழப்பான தோல் கைப்பை முழுக்க வெண்பூசணம். எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுக்கு வெளியிலிருந்து. அறைக்குள் தட்டினால் பூசண வித்துகள் மற்ற பைகள் மீதும் இறங்கும். உங்கள் மூச்சிலும் ஏறும். முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பவர் இந்த வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட வேண்டும். முதலில் உலர்ந்த மென்மையான தூரிகையால் தள்ளி எடுங்கள். பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டும் (ஆல்கஹால்) தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை அதில் நனைத்து ஒட்டப் பிழிந்து துடையுங்கள். பையின் மீது நேரடியாக ஊற்றக் கூடாது. ஸ்பிரிட் சில தோல்களில் சாயத்தையும் மேல்பூச்சையும் கரைத்துவிடும். ஆகவே அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்து, துணியில் நிறம் ஏறவில்லை என்றால் மட்டும் மேலே போங்கள். உள்துணியையும் தையல் இடுக்குகளையும் மறக்க வேண்டாம். பூசணம் ஒளிந்திருப்பது அங்கேதான். கடைசியாக, பையைத் திறந்தபடி நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள் வையுங்கள். வெயில் வேண்டாம்.

கேள்வி: ஷூவைத் துடைத்தால் பளிச்சென்று ஆகிறது. பத்து நாளில் மறுபடி வெள்ளை படர்கிறது. ஸ்பிரிட் போதவில்லையா?

அது பூசணம்தானா என்று பார்த்தீர்களா? தோலுக்குள் இருக்கும் கொழுப்பு சில நேரம் வெளியே வந்து வெண்படலமாக உறையும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்துச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். படலம் உருகி மறைந்தால் கொழுப்பு. துணியால் துடைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். நனைந்து காய்ந்த ஷூவில் பொருக்காக, வரிவரியாக நிற்பது பெரும்பாலும் உப்பு, ஈரத்துணிக்குக் கரையும். பஞ்சுபோல் புள்ளி புள்ளியாகப் படர்ந்து, நமுத்த வாடையும் அடித்தால் பூசணம்.

பூசணமாகவே இருந்து திரும்பத் திரும்ப வந்தால் குற்றம் ஷூவில் இல்லை, அதை வைத்த இடத்தில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், எதைத் தடவினாலும் பூசணம் வரும். ஈரமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்துப் பாருங்கள். 50-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் நல்லது.

கேள்வி: பூசணத்தைத் துடைத்துவிட்டு, தோல் வறண்டுவிடாமல் இருக்க சமையல் எண்ணெய் தடவினேன். இப்போது முன்னைவிட அதிகமாகப் பூத்திருக்கிறது. எண்ணெயை மாற்ற வேண்டுமா?

எண்ணெயை மாற்ற வேண்டாம், பழக்கத்தை மாற்றுங்கள். இதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் நாலு பேர், ‘எங்கள் வீட்டில் காலங்காலமாகத் தடவுகிறோம்’ என்று சண்டைக்கு வருகிறார்கள். தடவுங்கள், பொருள் உங்களுடையது. ஆனால் பூசணம் உயிர்வாழ்வதே கொழுப்பு, அழுக்கு போன்றவற்றைத் தின்றுதான். துடைத்த கையோடு எண்ணெய் தடவுவது, விரட்டிய விருந்தாளியைக் கூப்பிட்டு இலை போடுவது.

தோலுக்கு வேண்டிய எண்ணெய்ப்பசையைப் பதனிடும் இடத்திலேயே இழைகளுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். அதற்கு மேல் நீங்கள் ஊற்றும் சமையல் எண்ணெய் தோலைக் கறுக்க வைக்கும், தூசியை இழுக்கும், நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். இன்றைய கைப்பைகள், சோபாக்கள் பலவற்றில் மேலே நிறப்பூச்சு இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் உங்கள் எண்ணெயும் உள்ளே இறங்காது, பிசுக்காக மேலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் இறங்கும் தோல் என்றால், தோலுக்கென்றே விற்கும் கிரீமை மிக மெல்லிசாக, ஆண்டுக்கு ஒரு முறை தடவினால் போதும். அதுவும் பூசணம் போய், முழுக்கக் காய்ந்து, ஒரு வாரம் பார்த்த பிறகு. ஏற்கெனவே தடவியதை உறிஞ்சும் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். உள்ளே இறங்கியது இறங்கியதுதான்.

கேள்வி: பெல்ட்டின் பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சையாக மெழுகுபோல் வளர்கிறது. பச்சைப் பூசணமா?

இல்லை, களிம்பு. தோலில் உள்ள கொழுப்பு பித்தளையின் செம்போடு சேர்ந்து உண்டாவது. மரக்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடையுங்கள். பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டீர்களா என்று கேட்கவில்லை, பதில் தெரியும்.

கேள்வி: வெள்ளை சோபாவில் கரும்புள்ளிகள். குளோரின் வெளுப்பான் தெளிக்கலாமா?

கூடவே கூடாது. தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, வெளுப்பான் கடுங்காரம். புள்ளியோடு தோலின் இழையையும் அரித்துவிடும். ஸ்பிரிட் கலவைக்குப் போகாத புள்ளி என்றால் கறை உள்ளே இறங்கிவிட்டது. அதோடு வாழப் பழகுங்கள், அல்லது தோலுக்கு நிறம் பூசுபவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்வேடு ஷூவுக்கும் இதே முறைதானா?

இல்லை. நன்றாகக் காயவைத்து, ஸ்வேடு தூரிகையால் தள்ளுங்கள். மிச்சத்தை அழிரப்பரால் தேய்த்து எடுங்கள். திரவம் கடைசி வழி. அப்போதும் பிழிந்த துணிதான்.

கேள்வி: பையை ஃப்ரீசரில் வைத்தால் பூசணம் செத்துவிடுமாமே?

தூங்கும். வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்ளும்.

கேள்வி: பழைய புத்தகத்தின் தோல் அட்டையில் செந்நிறத் தூள் கையில் ஒட்டுகிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவா?

நிறுத்துங்கள். அது பூசணம் இல்லை. தாவரச் சாற்றால் பதனிட்ட பழைய தோல், காற்றிலுள்ள கந்தக மாசு போன்றவற்றால் சிதையும் நிலை. ஈரம் பட்டால் அந்த இடம் கறுத்து இறுகிவிடும், திரும்ப வராது. அமிலமற்ற காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

கேள்வி: என் தோல் ஜாக்கெட் உரிந்து செதில் செதிலாகக் கொட்டுகிறது. எந்தப் பூசணம் இப்படிச் செய்யும்?

எதுவும் செய்யாது. நீங்கள் வாங்கியது ரெக்சின் வகையாக இருக்கும். ஈரக்காற்றில் அதன் பிளாஸ்டிக் பூச்சு சிதைகிறது. மருந்து இல்லை.

கேள்வி: பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தேன். அப்படியும் பூசணம் எப்படி வந்தது?

பை முழுக்கக் காயாமலே கட்டியிருப்பீர்கள். சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத்தான் பிடிக்கும். நிரம்பியதும் அது வெறும் மணல். மீதி ஈரம் உறைக்குள் அடைபட்டுக் கிடந்தது. பருத்தித் துணிப் பையில் வையுங்கள், உள்ளே காகிதத்தை அடைத்து வடிவம் தாருங்கள், மாதம் ஒரு முறை எடுத்துக் காற்றாட விடுங்கள். அந்துருண்டை போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது பூச்சிக்கு, பூசணத்துக்கு அல்ல.

கேள்வி: எல்லாம் செய்தும் வாடை போகவில்லை. ஹேர் டிரையரை முழுச்சூட்டில் அடிக்கலாமா?

ஈரத்தோலில் கடுஞ்சூடு பட்டால் சுருங்கி விறைத்துவிடும். மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பிறகு மூடிய பெட்டியில், தோலைத் தொடாதபடி ஒரு கிண்ணத்தில் கரித்தூள் வைத்து இன்னொரு வாரம். அதற்கும் போகாவிட்டால் உள்துணியைப் பிரித்துப் பாருங்கள்.