பைபாஸுக்குப் பின் மறதி: ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. பல வருடமாகச் சர்க்கரை. பெங்களூரில் பைபாஸ் செய்து 12 நாள் ஆகிறது. ஐசியுவில் இரண்டு நாள் ஆள் தெரியாமல் பேசினார். இப்போது வீட்டில் இருக்கிறார். ஆனால் மாத்திரை போட்டதையே மறந்து மறுபடி கேட்கிறார். மூளை பாதிப்பை ரத்தத்திலேயே காட்டும் எஸ்100பி, என்எஸ்இ பரிசோதனை இருக்கிறதாமே, கிருஷ்ணகிரியில் ரத்தம் எடுத்து அனுப்பலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அனுப்ப வேண்டாம். காசு போவதோடு, வரும் எண் உங்களைக் குழப்பவும் செய்யும்.

எஸ்100பி மூளையின் துணைச் செல்களில் நிறைய இருக்கும் புரதம். ஆனால் கொழுப்பிலும் எலும்பு மஜ்ஜையிலும் அது உண்டு. பைபாஸில் மார்பெலும்பை அறுக்கிறார்கள்; மார்புக்குள் தேங்கும் ரத்தத்தை உறிஞ்சி உடலுக்கே திருப்புகிறார்கள். அதனால் மூளைக்கு ஒன்றுமே ஆகாதவருக்கும் அன்று அளவு எகிறும். பிறகு சில மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். 12 நாள் கழித்து 'நார்மல்' என்று வந்தால், அன்று என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

என்எஸ்இ நரம்பணுக்களில் இருப்பது, சிவப்பணுவிலும் இருக்கிறது. ஆபரேஷனின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் சிவப்பணுக்கள் உடைவதால் கூடும். ரத்தம் எடுக்கும்போதோ, சீரம் பிரிக்கத் தாமதமானாலோ, வழியில் குலுங்கினாலோ உடைந்தாலும் கூடும். ரிப்போர்ட்டில் தெரியும் ஏற்றம் மூளையிலிருந்து வந்ததா, உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வந்ததா என்று எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. இதயம் நின்று மீட்கப்பட்டு, நினைவு திரும்பாமல் கிடப்பவருக்கு 48, 72 மணி நேரத்தில் இதை எடுப்பதற்கு அர்த்தம் உண்டு. அங்கேயும் இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

நியூரோஃபிலமென்ட் என்று இன்னொன்று, நரம்பு இழைகளில் இருக்கும் புரதம். நாள்கணக்கில் மெதுவாக ஏறி வாரக்கணக்கில் நிற்பதால், நாட்கள் கடந்த பின்னும் ஏதாவது காட்டக்கூடியது இதுதான். ஆனால் வயது, சிறுநீரகக் குறைவு, சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு எல்லாமே இதைக் கூட்டும். ஆபரேஷனுக்கு முன் எடுத்த அளவு கையில் இல்லாமல் எதோடு ஒப்பிடுவது?

அப்பாவுக்கு இப்போது வேண்டியது வேறு. ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், சர்க்கரை, தைராய்டு, பி12 பாருங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டவர் என்றால் பி12 கண்டிப்பாக. ஈசிஜி எடுங்கள்: பைபாஸுக்குப் பின் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவது சகஜம், அதில் உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்குப் போகலாம். மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தூக்க மாத்திரை, வலி மாத்திரையான டிரமடால், சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் எல்லாம் இந்த வயதில் மறதியைக் கூட்டும். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரே மாத்திரையை இரண்டு முறை போடும் ஆபத்து இருப்பதால், வேளைவாரியாகப் பிரித்த டப்பாவை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசியு குழப்பம் வந்தவர்களுக்கு மறதி சில வாரம் நீடிக்கலாம். பலருக்குச் சில மாதங்களில் தெளியும். வாரம் ஒருமுறை சந்தையில் வாங்கிய சாமான்களுக்குக் கணக்கு சொல்லச் சொல்லி, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி, எழுதி வையுங்கள். மூன்று மாதமாகியும் தேறாவிட்டால், அதற்கு முன்பே மோசமானால், நரம்பியல் மருத்துவரிடம் அந்தக் குறிப்போடு போங்கள்.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய ஆபரேஷன் முடிந்து 2 வாரம் ஆகாதவருக்குக் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாகப் போடமாட்டார்கள். குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று அப்போதே கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவருக்குத் தலைவலி கூடிக்கொண்டே போய் மயக்கமாக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது, சிடி ஸ்கேன் வேண்டும்.

எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். மார்பெலும்பைக் கட்டிய கம்பி தடையில்லை. ஆபரேஷனின்போது இதயத் துடிப்பைச் சீராக்க வைக்கும் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியின் துண்டு உள்ளே விடப்பட்டதா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்து, ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.