மாத்திரைய நீங்களா ஆரம்பிக்காதீங்க, நீங்களா நிறுத்தாதீங்க: மனநலம் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல மருந்து பத்திதான். பதிலுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். வயசு, வேற என்ன வியாதி இருக்கு, இப்போ என்னென்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம் ஓடுது, இந்த மூணும் இல்லாம எழுதுனா யாராலயும் பதில் சொல்ல முடியாது. "மஞ்சள் கலர்ல சின்ன மாத்திரை, ராத்திரி ஒண்ணு போடுறேன், நிறுத்தலாமா"ன்னு ஒருத்தர் எழுதிருக்கார். அட்டைய திருப்பிப் பாத்தா பேரு இருக்கும் சார், அத எழுதுங்க.

கேள்வி: எங்க அப்பாவுக்கு 58 வயசு. மூணு மாசமா யார்கிட்டயும் பேசுறதில்ல, சரியா சாப்பிடுறதில்ல. முதல் தடவையா மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறோம். என்ன கேப்பாங்க? ஷாக் வைப்பாங்களா?

பதில்: முதல் தடவைன்னா முக்கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகும், கூட்டமான ஓபில கம்மியா இருக்கும். தூக்கம், பசி, வேலை, குடி, முன்னாடி எப்பவாவது இப்படி இருந்தாரா, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா, சாகணும்னு எண்ணம் வருதா, எல்லாம் கேப்பாங்க. கடைசி கேள்விய கேட்டா அந்த எண்ணத்த நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு வீட்டுல பயப்படுறாங்க, கேக்குறதால அது வராது, மனசுல வச்சிட்டு தவிக்கிறவங்களுக்கு கேட்டதே பெரிய ஆறுதலா இருக்கும்.

58 வயசுல முதல் தடவையா வருதுன்னா உடம்பையும் பாத்தே ஆகணும். தைராய்டு, சுகர், ஹீமோகுளோபின், பி12 எல்லாம் பாக்க சொல்லுவாங்க, தைராய்டு குறைஞ்சாலும் ஆள் இப்படித்தான் ஒடுங்கிப் போயிடுவார். பிரஷர் மாத்திரை, ஸ்டீராய்டு, நாட்டு மருந்து, வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையயும் ஒரு கவர்ல போட்டு அப்படியே எடுத்துட்டு போங்க. கூட இருந்து பாக்குற ஒருத்தர் டாக்டர்கிட்ட தனியாவும் பேசுங்க, அப்பா சொல்ல மறந்தத நீங்க சொல்லணும்.

ஷாக் ட்ரீட்மென்ட் சினிமால காட்டுற மாதிரி கிடையாது. சாப்பாடு தண்ணி கூட இறங்காத அளவுக்கு மோசமா இருக்கிறவங்களுக்கு, மயக்கம் குடுத்து பண்றது. மயக்கம் குடுக்காம பண்ணவே கூடாதுன்னு 2017 மனநல பாதுகாப்பு சட்டத்துலயே இருக்கு.

கேள்வி: டிப்ரஷன் மாத்திரை போட்டா அதுக்கு அடிமை ஆயிடுவோமா?

பதில்: எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி மாத்திரைக்கு அடிமை ஆக மாட்டீங்க. வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், நல்லா ஆனதுக்கு அப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் போடணும். திடீர்னு நிறுத்துனா தலை சுத்தல், எரிச்சல், உடம்புல ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு வரும், அதனால குறைச்சு குறைச்சுதான் நிறுத்தணும், அதுவும் டாக்டர் சொன்னா.

கேள்வி: என் பையன் மூணாவது படிக்கிறான், ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறான். ஏடிஹெச்டி (கவனம் நிக்காம ரொம்ப துறுதுறுன்னு இருக்கிற பிரச்சினை), மாத்திரை வாங்கிட்டு வாங்கன்னு கிளாஸ் மிஸ் சொல்றாங்க. குடுக்கலாமா?

பதில்: மிஸ் கவனிச்சு சொன்னது நல்லது. ஆனா ஏடிஹெச்டியா இல்லையான்னு சொல்ல வேண்டியது அவங்க இல்ல. ஸ்கூல்லயும் வீட்டுலயும், ரெண்டு இடத்துலயும் அந்த தொந்தரவு இருக்கணும், ஆறு மாசத்துக்கு மேல இருக்கணும். அதுக்குன்னு கேள்வித்தாள் இருக்கு, அத அம்மா அப்பா ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம் நிரப்பித் தரணும். அதுக்கும் முன்னாடி கண்ணு, காது டெஸ்ட் பண்ணிடுங்க. போர்டு தெரியாத புள்ள, டீச்சர் பேசுறது சரியா காதுல விழாத புள்ள, ராத்திரி 12 மணி வரைக்கும் போன் பாத்துட்டு தூங்காத புள்ள, எல்லாமே கிளாஸ்ல ஏடிஹெச்டி மாதிரிதான் தெரியும். எழுத்துக்கூட்டி படிக்க கஷ்டப்படுறானான்னும் பாக்கணும்.

உறுதி ஆச்சுன்னா மெத்தில்ஃபெனிடேட் நல்ல மருந்து, பயப்படாதீங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடை, உயரம், பிரஷர், நாடித்துடிப்பு எழுதி வைக்கணும், குடும்பத்துல சின்ன வயசுல இதய நோய்ல யாராவது இறந்துருந்தா கண்டிப்பா சொல்லணும். காலைல டிபன் சாப்பிட வச்சிட்டு மாத்திரை குடுங்க, ஏன்னா மத்தியானம் பசி குறைஞ்சிடும், டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும், சாயங்காலம் பசி எடுக்கும்போது நல்லா குடுத்துடுங்க. சாயங்காலத்துக்கு மேல மாத்திரை குடுத்தா தூக்கம் வராது. இது எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது, சீட்டோட ஒரு காப்பிய கடைல வாங்கி வச்சுக்குவாங்க, அதுக்கு சங்கடப்பட வேண்டாம், சட்டம் அப்படி.

இன்னொரு அம்மா நாலு வயசு குழந்தைக்கு இதே மாத்திரைய கேட்டுருக்காங்க. ஆறு வயசுக்கு கீழ முதல்ல அம்மா அப்பாவுக்கு பயிற்சி, மாத்திரை இல்ல. பக்கத்து வீட்டுப் பையனோட மாத்திரைய பாதியா உடைச்சு குடுத்து பாக்கலாமான்னு கேட்டுருக்காங்க பாருங்க, தயவு செஞ்சு அத மட்டும் பண்ணிடாதீங்க.

கேள்வி: நாலு வருஷமா ராத்திரி குளோனசெபாம் 0.5 போடுறேன். டாக்டர ஒரே ஒரு தடவைதான் பாத்தேன், அதே சீட்டுல மெடிக்கல்ல வாங்கிக்கிறேன். இப்போ அது இல்லாம தூக்கம் வரல. 1 ஆக்கலாமா?

பதில்: ஆக்காதீங்க. இந்த கேள்வி ஒவ்வொரு தடவையும் வேற வேற ஊர்ல இருந்து வருது, நானும் சலிக்காம இதையேதான் சொல்லிட்டு இருக்கேன்.

என்ன நடந்துருக்கும்னா, முதல்ல பதட்டம்னு போயிருப்பீங்க, எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் சேந்த ஒரே மாத்திரையா எழுதிருப்பாங்க. முக்கியமான மருந்து வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் தாங்கிக்கத்தான் குளோனசெபாம். திரும்ப வாங்கன்னு சொன்ன தேதிக்கு நீங்க போகல, நல்லா தூக்கம் வந்துடுச்சு, பின்ன எதுக்கு டாக்டருக்கு பீஸ்னு விட்டுட்டீங்க. அந்த சீட்டு மட்டும் நாலு வருஷமா நடமாடிட்டு இருக்கு. என்கிட்ட வர்றவங்க சில பேர் சீட்டு கிழிஞ்சிடக்கூடாதுன்னு லேமினேட் பண்ணி கொண்டு வர்றாங்க. மேல தேதி 2019ன்னு இருக்கு, கீழ "15 நாள்"னு டாக்டர் தெளிவா எழுதிருக்கார். அந்த 15 நாள் மருந்தத்தான் வருஷக்கணக்கா போட்டுட்டு இருக்காங்க, அந்த சீட்டையே பாத்து மாசா மாசம் ஒரு கடைக்காரர் எடுத்து குடுத்துட்டே இருந்துருக்கார். எனக்கு வயிறு எரியுது. இதே வகையச் சேந்த அல்பிரசோலம் மாதிரி மாத்திரைய குடுத்தா நோயாளி பேரு, டாக்டர் பேரு, அளவு எல்லாம் தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு. சட்டம் இருந்து என்ன பண்ண, கேட்டா குடுக்குறாங்க, கேக்காமலே ரெண்டு அட்டை சேத்து குடுக்குறவங்களும் இருக்காங்க.

இந்த வகை மாத்திரைக்குத்தான் உடம்பு நிஜமாவே பழகிடும். ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு மேல தினமும் போட்டா அதே டோஸ் பத்தாம போகும், அதான் உங்களுக்கு 1 ஆக்கலாமான்னு தோணுது. 1 ஆக்குனா ஆறு மாசத்துல 2 கேக்கும். வயசானவங்களுக்கு ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு உடையிறதுக்கும், ஞாபக மறதிக்கும் இது ஒரு பெரிய காரணம். குறட்டை பலமா விடுறவங்களுக்கு மூச்சுத் தொந்தரவு கூடும். குடிச்சிட்டு போட்டா மூச்சே நின்னு போக வாய்ப்பிருக்கு.

இத படிச்சிட்டு பயந்து போய் இன்னைக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க, அது இன்னும் ஆபத்து, வலிப்பு கூட வரலாம். மாடிப்படி இறங்குற மாதிரி ஒவ்வொரு படியா இறங்கணும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பத்து சதவீதம், கூடிப்போனா இருபத்தஞ்சு சதவீதம்னு குறைப்பாங்க. நாலு வருஷம் போட்டவங்களுக்கு சில மாசம் ஆகும். நடுவுல ரெண்டு நாள் தூக்கம் கெடும், அதுக்காக திரும்ப ஏத்திடக் கூடாது, டாக்டர்கிட்ட கேட்டு அதே படியில கொஞ்ச நாள் நிக்கணும். முதல்ல எதுக்கு பதட்டம் வந்துச்சோ அத யாருமே பாக்கல, அதுக்கும் வைத்தியம் வேணும். இந்த வாரமே ஒரு மனநல டாக்டர பாருங்க. அந்த சீட்டையும் எடுத்துட்டு போங்க, திரும்ப மெடிக்கல்ல நீட்டாதீங்க.

கேள்வி: லித்தியம் (மனசு ஒரேயடியா ஏறி இறங்குறத கட்டுப்படுத்துற மாத்திரை) 900 போடுறேன். மூட்டு வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் குடுத்தாங்க. ரெண்டு நாளா வாந்தி, கை ரொம்ப நடுங்குது.

பதில்: இத லெட்டர்ல கேட்டுட்டு காத்திருக்கக் கூடாது. உங்க போனுக்கு அன்னைக்கே தகவல் சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக இங்க எழுதுறேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ரெண்டும் ரத்தத்துல லித்தியத்த ஏத்திடும். வாந்தி, பேதி, கை ஆட்டம், நடை தள்ளாட்டம், நாக்கு குழறல், இதுல எது வந்தாலும் அடுத்த லித்தியத்த போடாம நேரா எமர்ஜென்சிக்கு போகணும். வலிக்கு, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். வெயில் காலத்துல தண்ணி நிறைய குடிங்க, உப்ப திடீர்னு குறைக்காதீங்க. ரத்தத்துல லித்தியம் எவ்வளவு இருக்குன்னு பாக்குற லெவல் டெஸ்ட்டுக்கு ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு, காலை மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ரத்தம் குடுக்கணும், மாத்திரை போட்டுட்டு போய் குடுத்தா ரிப்போர்ட் தப்பா வரும். 0.6ல இருந்து 1 வரைக்கும் இருந்தா சரி. தைராய்டும் கிட்னியும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க.

கேள்வி: என் கணவருக்கு சந்தேக நோய். டாக்டர்கிட்ட வரவே மாட்டார். நான் அவருக்கு தெரியாம காபில மாத்திரைய கலந்து குடுக்குறேன். தப்பா?

பதில்: உங்க கஷ்டம் புரியுதும்மா, உங்கள குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இது நிலைக்காது. பாதி காபிய குடிச்சிட்டு வச்சிட்டார்னா எவ்வளவு மருந்து உள்ள போச்சுன்னு தெரியாது. பக்க விளைவா தாடை ஒரு பக்கமா இழுத்துக்கும், உடம்பு விறைச்சுக்கும், அவருக்கு ஏன்னே தெரியாது, வேற டாக்டர்கிட்ட போனா அங்கயும் சொல்ல முடியாது. ஒரு நாள் கண்டுபிடிச்சிட்டார்னா, பொண்டாட்டி எதையோ கலக்குறாங்குற அவரோட சந்தேகம் உண்மைன்னே ஆயிடும், அப்புறம் வீட்டுல தண்ணி கூட குடிக்க மாட்டார். இத நான் பல வீட்டுல பாத்துட்டேன்.

முதல்ல நீங்க மட்டும் டாக்டர்கிட்ட போய் கலக்குறதையும் சேத்து எல்லாத்தையும் சொல்லுங்க. தூக்கம் வரல, உடம்பு சோர்வுன்னு அவரே ஒத்துக்கிற தொந்தரவ சொல்லி கூப்பிட்டா பல பேர் வந்துடுவாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணு போடுற ஊசியும் இருக்கு, தினமும் மாத்திரைக்கு சண்டை வேண்டாம். அடிக்கிற அளவுக்கு, இல்ல அவரையே காயப்படுத்திக்கிற அளவுக்கு போச்சுன்னா, அவர் சம்மதம் இல்லாமலே சேக்குறதுக்கு 2017 சட்டத்துல வழி இருக்கு. மனநல டாக்டர் ஒருத்தரையும் சேத்து ரெண்டு பேர் தனித்தனியா பரிசோதிச்சு சொல்லணும், முதல்ல 30 நாள் வரைக்கும் வச்சிருக்கலாம்.

கேள்வி: தர்காவுக்கு கூட்டிட்டு போகலாமா, கோயிலுக்கு கூட்டிட்டு போகலாமா?

பதில்: தாராளமா போங்க, மாத்திரைய கையோட எடுத்துட்டு போங்க. கட்டி மட்டும் போடாதீங்க. 2001 ஆகஸ்ட் 6 அன்னைக்கு ஏர்வாடில மனநோயாளிங்கள வச்சிருந்த காப்பகத்துல தீப்பிடிச்சப்போ சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. சங்கிலி போடுறது சட்டப்படியும் குத்தம்.

கேள்வி: என் பொண்ணுக்கு 16 வயசு, ஃப்ளூவாக்சிடின்னு டிப்ரஷன் மாத்திரை எழுதிருக்காங்க. இந்த மாத்திரை தற்கொலை எண்ணத்த கூட்டும்னு படிச்சேன். குடுக்காம வச்சிருக்கேன்.

பதில்: நீங்க படிச்சது 2004ல அமெரிக்க மருந்து நிர்வாகம் குடுத்த எச்சரிக்கை. ஆராய்ச்சில மருந்தே இல்லாத வெத்து மாத்திரை போட்ட பிள்ளைங்கள்ல நூத்துக்கு ரெண்டு பேருக்கும், நிஜ மாத்திரை போட்டவங்கள்ல நூத்துக்கு நாலு பேருக்கும் அந்த மாதிரி எண்ணமோ செயலோ வந்துச்சு, யாரும் இறக்கல. அதனால குடுக்கவே கூடாதுன்னு அர்த்தம் இல்ல, முதல் சில வாரம் கண்ணும் கருத்துமா பாத்துக்கணும்னு அர்த்தம். வைத்தியமே பண்ணாம விட்ட டிப்ரஷனும் ஆபத்துதான். டாக்டருக்கு இன்னைக்கே போன் பண்ணி, குடுக்காம வச்சிருக்கிறத சொல்லிட்டு ஆரம்பிங்க. திடீர்னு தூக்கமே இல்லாம துறுதுறுன்னு ஆனா, எரிஞ்சு விழுந்தா, சாவு பத்தி பேசுனா அன்னைக்கே கூட்டிட்டு போங்க. மாத்திரை அட்டை உங்க பீரோல பூட்டி இருக்கட்டும், வீட்டுல இருக்கிற மத்த மாத்திரையும், பூச்சி மருந்தும் சேத்து.

கேள்வி: பைபோலாருக்கு (மனசு ஒரேயடியா ஏறி, ஒரேயடியா இறங்குற நோய்) வால்ப்ரோயேட் போடுறேன், வயசு 24. தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா?

பதில்: மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க, மறைச்சு பண்ண கல்யாணத்துல மாத்திரைய ஒளிச்சு வச்சு போட முடியாம நிறுத்தி, மூணாவது மாசமே மறுபடியும் நோய் வந்த பொண்ணுங்கள பாத்துருக்கேன். அதவிட அவசரம் அந்த மாத்திரை. வால்ப்ரோயேட் போடும்போது கர்ப்பமானா பத்துல ஒரு குழந்தைக்கு பிறவிக் குறை வரும், பத்துல மூணு நாலு குழந்தைக்கு பேச்சு, படிப்பு, வளர்ச்சில பாதிப்பு வரும். ஃபோலிக் ஆசிட் போட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க. இப்பவே டாக்டர பாத்து வேற மருந்துக்கு மாறுங்க, மாத்தி நிலைக்க மாசக்கணக்குல ஆகும். நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி: பிரைவேட்ல பாக்க வசதி இல்ல, எங்க போறது?

பதில்: அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயும் மாவட்ட தலைமை ஆஸ்பத்திரிலயும் மனநலப் பிரிவு இருக்கு, மாத்திரை இலவசம். சென்னைன்னா கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம், 1794ல இருந்து இருக்கு. ராத்திரி பகல் எந்நேரமும் அரசோட மனநல உதவி எண் 14416க்கு கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க.

கேள்வி: ஆன்லைன்லயே டாக்டர பாத்து பையனோட ஏடிஹெச்டி மாத்திரைய வாங்கிக்கலாமா?

பதில்: மெத்தில்ஃபெனிடேட்ட வீடியோ கால்ல எழுதக் கூடாதுன்னு 2020 டெலிமெடிசின் விதில இருக்கு. நேர்ல போங்க, எடை உயரம் பாக்கணும் இல்லையா. ஃபாலோ-அப்ல பேச மட்டும் வேணும்னா போன் சரி.