பீட்டில்ஸுக்கு முன்பே, பாடகர் இல்லாத பிரிட்டிஷ் ராக் குழுக்கள் எப்படி முதலிடம் பிடித்தன?

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஒரு வரிகூடப் பாடாமல் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன குழுக்கள் இருந்தன. நான் பெரும்பாலும் தி ஷேடோஸ் பற்றியே சொல்லப்போகிறேன். கிட்டார் பிடிக்கக் கற்ற நாளிலிருந்து கேட்டுவருகிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ஹாங்க் மார்வின், புரூஸ் வெல்ச், ஜெட் ஹாரிஸ், டோனி மீஹான் என்று நான்கு பேர். நம் லக்னோவில் பிறந்த பாடகர் கிளிஃப் ரிச்சர்டுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்கள். ஜெர்ரி லார்டன் என்ற பாடலாசிரியர் ஒரு சுற்றுப்பயணத்தின்போது யுகுலேலே என்ற சின்னக் கிட்டாரில் ஒரு மெட்டை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். அதுதான் 'அப்பாச்சி'. 1960 ஆகஸ்டில் முதலிடத்துக்கு வந்து ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. அது கீழே தள்ளியது கிளிஃப் பாடிய பாட்டை. அதற்கும் வாசித்தவர்கள் இவர்களேதான்!

எப்படி என்று கேட்டால், குரல் இல்லாத இடத்தில் கிட்டாரைப் பாடவைத்தார்கள் என்பேன். அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்வதற்குப் பிரிட்டனில் பல வருடங்கள் கட்டுப்பாடு இருந்தது. 1959இல் கிளிஃப் அமெரிக்காவிலிருந்து ஹாங்குக்காக ஒரு சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வரவழைத்தார். அதில் கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பியை லேசாக அசைத்தால் சுரம் குழையும், கிட்டத்தட்ட நம் கமகம் மாதிரி. கூடவே ஓர் எதிரொலிக் கருவி. ஒவ்வொரு சுரமும் ஒலித்ததும் தன்னையே மெல்லத் திரும்பச் சொல்லிக்கொள்ளும்.

இந்த எதிரொலி வெறும் அலங்காரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாதக்கணக்கில் 'அப்பாச்சி' பழகினேன். சுரமெல்லாம் சரி, ஆனால் உயிரே இல்லை. அப்புறம் நண்பர் ஒருவர் தன் டிலே பெடலை, அதாவது இந்த எதிரொலியைத் தரும் மிதிகருவியை, இரவல் தந்தார். முதல் வரியை வாசித்துவிட்டுக் கையை எடுத்தேன். இரண்டு வரிகளுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த இடத்தில் தாளம் தானாக ஓடியது. ஹாங்க் ஏன் அவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

1962இல் 'வொண்டர்ஃபுல் லேண்ட்' எட்டு வாரம் முதலிடம். அதே வருடம் ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போக, அந்தப் பெயரிலேயே ஒரு இசைத்தட்டை ஜோ மீக் தயாரித்தார். இடம், லண்டன் ஹாலோவே சாலையில் ஒரு தோல்பொருள் கடைக்கு மேலிருந்த அவருடைய வீடு. வாசித்தது தி டொர்னடோஸ் என்ற குழு. பிரிட்டனை விடுங்கள், டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலிலும் அது முதலிடம். பீட்டில்ஸ் அங்கே போய் இறங்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் மெட்டு திருட்டு என்று வழக்கு வந்து உரிமைத்தொகை முடங்கியது. தீர்ப்பு மீக்குக்குச் சாதகமாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1967 பிப்ரவரியில் இறந்துபோனார். அந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து மனம் கனக்கும்.

1963 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. ஷேடோஸின் 'டான்ஸ் ஆன்' முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். அதை இறக்கிய 'டயமண்ட்ஸ்', குழுவை விட்டு விலகியிருந்த ஹாரிஸும் மீஹானும் சேர்ந்து வாசித்தது. அந்த மெட்டும் லார்டனுடையதுதான்.

அதன் பிறகு லிவர்பூல் குழுக்களின் காலம். அவர்களும் இதைக் கேட்டு வளர்ந்தவர்களே. 1961இல் ஹாம்பர்க்கில் பீட்டில்ஸ் பதிவுசெய்த 'க்ரை ஃபார் எ ஷேடோ'வைத் தேடிக் கேளுங்கள். அந்தக் குழுவின் ஹாரிசனும் லெனனும் சேர்ந்து எழுதியது. அதில் யாரும் பாடவில்லை.